உன் அகராதியில் என்னைப் பற்றிய வாக்கியம்

தெற்கு ஹாதர்பி,
லிங்கன்ஷர்.
19 ஆகஸ்ட் 1986, செவ்வாய்க்கிழமை காலை.

மரியாதைக்குரிய அகராதி ஆசிரியரும், என் மனைவியின் ஒரே தம்பியும், அந்த ஒரே காரணத்தால் இன்னும் என்னிடம் அடி வாங்காமல் இருப்பவனுமான டென்ஸிலுக்கு, ஹெட்லி பிண்டர் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பூனையும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீ சுகமா என்று கேட்பது வழக்கம் என்பதால் கேட்டுவைக்கிறேன். பதிலுக்காக ஒன்றும் காத்திருக்கவில்லை. மழை இல்லை. தக்காளி பழுக்கவில்லை. சம்பிரதாயம் இத்தோடு முடிந்தது.

எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று, உன் அகராதியின் அடுத்த பதிப்பிலிருந்து அந்த வாக்கியத்தை எடுத்துவிடு. இரண்டு, என் மனைவியை வீட்டுக்கு அனுப்பு. மேவிஸ் உன் வீட்டுக்கு வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. இரண்டாவதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் வரிசை மாறிவிட்டது, அடித்து எழுத எனக்குப் பொறுமை இல்லை.

அது என்ன வினைச்சொல் அது! ட்ரான்ஸ்மாக்ரிஃபை. சூடான டீயை விழுங்கும்போது தும்மல் வந்தால் இப்படித்தான் சத்தம் வரும். மாறுவதைச் சொல்ல இந்த நாட்டில் வேறு சொல்லே இல்லையா? பால் பாலாடைக்கட்டி ஆகிறது, புழு வண்ணத்துப்பூச்சி ஆகிறது, பாதிரியார் பிஷப் ஆகிறார். இவர்களில் யாருக்கும் இந்தச் சொல் தேவைப்படவில்லை. நீ அதற்குப் பொருள் போட்டிருக்கிறாய்: 'ஒருவரை முழுக்க வேறு ஆளாக மாற்றிவிடுதல், அதுவும் பார்க்கிறவர்கள் திடுக்கிடும்படி அல்லது சிரிக்கும்படி.' அதற்குக் கீழே 'பெரும்பாலும் கேலியாக வழங்குவது' என்று ஒரு குறிப்பு. அதோடு பேனாவை மூடிவைத்திருக்கலாம். எடுத்துக்காட்டுதான் வேண்டும் என்றால் ஒரு சூனியக்காரி, ஒரு இளவரசன், ஒரு தவளை என்று போட்டிருக்கலாம். சின்னக் குழந்தைக்கும் புரிந்திருக்கும், தவளையும் வழக்குப் போட வராது. நீ என்ன போட்டாய்? எனக்கு மனப்பாடம், எழுதுகிறேன்: 'நடுவர் ரிப்பனைச் சட்டையில் குத்திய அரை மணி நேரத்தில், பூனைக்குக்கூட வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் அந்த மனிதர், அளவுகோலைச் செங்கோலாக ஏந்திய ஒரு குட்டி ராஜாவாக ட்ரான்ஸ்மாக்ரிஃபை ஆகிப்போனார்.'

பெயர் போடவில்லையே என்பாய். பெயர் எதற்கு? இந்த ஊரில் நடுவர் ரிப்பன் குத்திக்கொண்டவர்கள் மூன்றே பேர். ஒருவர் செத்துப்போனார். இன்னொருவர் பூனையைக் கண்டால் கல்லெறிவார். மிச்சம் யார் என்று எண்ணத் தெரியாதவர்கள்கூட எண்ணிவிட்டார்கள்.

எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதைக் கேள். மே மாதம் நீ பெரிய மனது பண்ணி ஊர் மன்றத்துக்கு ஒரு பிரதி அன்பளிப்பாக அனுப்பினாயே, அதற்கு இரண்டு வாரம் கழித்துக் கறிக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் நான்கு பேர். கடைக்கார ஆம்ப்ரோஸ் என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். "வாங்க ஹெட்லி. பாத்தீங்களா, காலைல இது ஆட்டுத் தோள். இப்ப கொத்துக்கறியா ட்ரான்ஸ்மாக்ரிஃபை ஆயிருச்சு" என்றான். வரிசையில் இருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். அந்தக் கூரையில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. "என்னப்பா சொல்ற?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, அகராதில புதுசா ஒரு சொல்லு கத்துக்கிட்டோம். ஊரே கத்துக்கிச்சு" என்றான். நேரே மன்றத்துக்குப் போனேன். உன் அகராதியைத் தொட்டேன், அவ்வளவுதான், ஆயிரத்து நானூறு பக்கமுள்ள அந்தப் புத்தகம் தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்துகொண்டது. பக்கத்தின் ஓரத்தில் ஜாம் கறை வேறு.

வீட்டுக்கு வந்து கத்தினேன். மேவிஸ் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "உன் தம்பி செஞ்ச காரியத்தப் பாத்தியா? இத எழுதின கையை உடைக்கணும்" என்றேன். அவள் அடுத்த பட்டாணியை எடுத்து டப்பென்று உடைத்தாள். தம்பியைச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது, இந்தச் சொல் எனக்குப் பொருந்தவே பொருந்தாது என்று உன் வாயாலேயே நிரூபிக்கிறேன். அதற்கு அந்தக் கேக் விவகாரத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். உன் அக்கா சொன்னதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் படி.

1984 ஆகஸ்ட். ஊர் விளைபொருள் கண்காட்சி. கேக்குகளுக்கு நடுவராக வரவேண்டிய அம்மாளின் கார் ஹார்ன்காசிலிலிருந்து கிளம்பி, பாதி வழியில் புகைந்து நின்றுவிட்டது. கூடாரத்தில் மேசை மேல் பதினேழு கேக், வெளியே வெயில், உள்ளே ஈ. கமிட்டித் தலைவி மிஸஸ் டாஸ்கர் எல்லாத் திசையிலும் பார்த்துவிட்டு, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். "ஹெட்லி, உங்களுக்குக் கேக் புடிக்குமா?" "புடிக்கும்ங்க." "போதும்" என்று ரிப்பனைக் குத்திவிட்டுப் போய்விட்டார். கையில் விதிப் புத்தகமும், ஒரு கத்தியும், ஒரு மர அளவுகோலும். டென்ஸில், நான் நாற்பது வருடம் கிராமத்துப் பேருந்து ஓட்டியவன். ஓடி வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் வண்டியை நிறுத்தி வைத்தவன். அதற்காக வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்களிடம் நாற்பது வருடம் திட்டு வாங்கியவன். யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. சொல்ல வாய் வந்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் கையில் ஒரு புத்தகம், 'முடியாது' என்று அதுவே எனக்காகச் சொல்லித் தந்தது. அடுக்கு இரண்டும் ஒரே உயரம் இருக்க வேண்டும். மேலே பொடிச் சர்க்கரை மட்டும்தான். கம்பித் தட்டில் ஆறவைத்த கோடு தெரியக்கூடாது. நடுவில் ராஸ்பெர்ரி ஜாம், வேறெதுவும் கூடாது. ஏழாவது கேக்குக்குள் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

பதினான்காம் எண். உயரம் சரி, நிறம் சரி, சர்க்கரை பனி மாதிரி. கத்தியை இறக்கினால் உள்ளே ஸ்ட்ராபெர்ரி. சீட்டில் 'விதிப்படி இல்லை' என்று எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். வேறென்ன செய்வது? அது யார் கேக் என்று எனக்குத் தெரியாது. எண் மட்டும்தான் தெரியும், பெயர்ச் சீட்டைக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார்கள். சத்தியமாகத் தெரியாது. என் அம்மா கல்லறை மேல் சத்தியம். மூன்று மணிக்குச் சீட்டுகளைத் திருப்பியபோது 'மேவிஸ் பிண்டர்' என்று இருந்தது. கூடாரத்தில் எழுபது பேராவது இருந்திருப்பார்கள். பின்னாலிருந்து யாரோ, "வெயிலு இன்னிக்குப் பரவால்லையே" என்றார். மேவிஸ் தன் கேக்கைத் தட்டோடு எடுத்துத் துண்டால் மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அதற்கு முன்னால் பதினொரு வருடம் வரிசையாக அவளுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு தடவைகூட வாங்கியதில்லை. அந்த வருடம் இரண்டாவதும் போயிற்று.

அவள் ஏன் ஸ்ட்ராபெர்ரி போட்டாள் என்று நீ கேட்பாய். அது வேறு விஷயம், இதில் சேராது. சரி, சொல்லித் தொலைக்கிறேன், எப்படியும் அவள் சொல்லியிருப்பாள். அந்தப் பிப்ரவரியில் தோட்டத்து ராஸ்பெர்ரிச் செடிகளை நான் வெட்டிவிட்டேன். காய்த்து ஓய்ந்த குச்சிகளைத்தான் வெட்ட வேண்டுமாம், முந்தின வருடம் முளைத்ததை விட்டுவைக்க வேண்டுமாம். எனக்கென்ன தெரியும், எல்லாவற்றையும் தரையோடு வெட்டினேன், பார்க்க ஒழுங்காக இருந்தது. அந்த வருடம் ஒரு பழம் இல்லை. கடை ஜாமை உன் அக்கா கையால் தொடமாட்டாள். ஆகவே ஸ்ட்ராபெர்ரி. இதற்கும் நடுவருக்கும் என்ன சம்பந்தம்? தோட்டத்தில் செடி வெட்டியவன் வேறு, கூடாரத்தில் சீட்டு எழுதியவன் வேறு.

அதற்குப் பிறகு நான் ஆளே மாறிவிட்டேன் என்று சொல்கிறார்கள். எங்கே மாறினேன்? மறு வருடமும் கமிட்டி என்னைத்தான் நடுவராகப் போட்டது. வேண்டாம் என்று என் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை என்று இப்போது சொல்கிறார்கள், அது அவர்கள் பாடு. பொறுப்பு என்று வந்துவிட்டால் ஒரு எஃகு அளவுகோல் வாங்குவது தப்பா? வாங்கியதை இழுப்பறையில் பூட்டி வைக்கவா முடியும்? டோஸ்ட்டை அளந்தேன், அது ஒரு ஆர்வம். கொடியில் காயும் துணியை நீளவாரியாக வரிசைப்படுத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே பார்க்க நன்றாக இருந்தது. குளியலறைத் துண்டு மடிப்பின் மேல் ஒரு சீட்டு வைத்தேன், 'பாராட்டத்தக்கது' என்று. பாராட்டு, டென்ஸில்! முப்பத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் துண்டு மடித்ததற்கு எந்தப் புருஷன் பாராட்டியிருக்கிறான்? மேவிஸ் அந்தச் சீட்டை எடுத்து அடுப்பில் போட்டாள். போன வருடக் கண்காட்சிக்கு அவள் கேக்கும் கொடுக்கவில்லை. ஏன் என்றதற்கு "நேரமில்ல" என்றாள். அன்றைக்குப் பகல் முழுக்க அவள் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்ததை மிஸஸ் டாஸ்கரின் மகள் பார்த்திருக்கிறாள்.

சரி, உன் பொருளுக்கு வருவோம். 'பார்க்கிறவர்கள் திடுக்கிடும்படி அல்லது சிரிக்கும்படி' மாறியிருக்க வேண்டும் அல்லவா? ஜூன் மாதம் நானே போய் விசாரித்தேன். மிஸஸ் டாஸ்கர் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மிஸஸ் டாஸ்கர், மனசுல பட்டதச் சொல்லுங்க. என்னப் பாத்தா உங்களுக்குத் திடுக்குனு இருக்கா?"

"டீ குடிக்கிறீங்களா ஹெட்லி?"

"வேண்டாங்க. சிரிப்பு வருதா?"

"பிஸ்கட்டும் இருக்கு."

"வருதா, வரலையா?"

"பால் ஊத்தவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவர் ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க நின்றுகொண்டிருந்தார். அழுகிறாரோ என்று முதலில் நினைத்தேன்.

அன்றைக்குத்தான் அடுத்த முடிவுக்கு வந்தேன். இதில் என் மேல் தவறு உண்டு, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஆளை அந்த நிலைமைக்குத் தள்ளியது நீ. ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை அந்த வாக்கியத்தின் அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டேன், மூன்றே கால் அங்குலத்துக்கு அரை அங்குலம், எஃகு அளவுகோல் இருந்ததால் கச்சிதமாக வந்தது. பசை பாட்டிலோடு மன்றத்துக்குப் போனேன். ஆளில்லை. பசையைத் தடவி, காகிதத்தை வைத்து, கையால் நீவிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. பெண்கள் சங்கத்துக்காரர்கள் பன்னிரண்டு பேர், அன்றைக்குக் கூட்டமாம். பதறிப் புத்தகத்தை மூடிவிட்டேன். பசை காயவில்லை. திறந்து பார்த்தபோது என் காகிதம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்த 'டிராம்போலின்' என்ற சொல்லை மறைத்துவிட்டது. என்னைப் பற்றிய வாக்கியம் மட்டும் பசை தடவியதில் பளபளவென்று, வார்னிஷ் அடித்த மாதிரி, முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. மேவிஸும் அந்தப் பன்னிரண்டு பேரில் இருந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் அந்தப் பக்கத்தைக் குனிந்து பார்த்து, கைக்குட்டையை எடுத்து, பசையைப் பொறுமையாகத் துடைத்தாள்.

அடுத்த அடி கமிட்டியிடமிருந்து. ஜூலை முதல் வாரம் கடிதம் வந்தது. வரும் சனிக்கிழமை நடக்கிற கண்காட்சியில் கேக் பிரிவுக்கு 'புது ரத்தம்' தேவைப்படுகிறதாம். என் நீண்ட சேவைக்கு நன்றியாம். எனக்குக் குழந்தைகள் பிரிவு ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்களாம். என்ன பிரிவு தெரியுமா? 'காய்கறியை மிருகமாக மாற்றுதல், எட்டு வயதுக்குள்.' உருளைக்கிழங்குக்குத் தீக்குச்சிக் கால் வைத்துப் பன்றி என்பார்களே, அது. மிஸஸ் டாஸ்கரைத் தெருவில் மடக்கினேன். "உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்னு கமிட்டி ஒரு மனசா நெனச்சுது" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்கு வேண்டுமானால் நான் முதல் பரிசு கொடுப்பேன்.

இந்த எரிச்சலில் இருந்தேன், டென்ஸில். அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி. ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. மேவிஸ் மாட்டிறைச்சி ரோஸ்ட் செய்திருந்தாள், கூடவே, மாவு உப்பி எழும்பிய ஆறு யார்க்ஷர் புட்டிங். எல்லாம் பொன்னிறம், ஆவி பறந்தது, ஒன்று மட்டும் மற்றதைவிடக் குட்டை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவே இல்லை. அளவுகோலை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினேன், அவ்வளவுதான். மேவிஸ் பார்த்தாள்.

"எவ்வளவு கொறச்சல்?" என்று கேட்டாள்.

"அரை அங்குலம்."

"அப்படியா."

ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சாப்பிட்டாள். பாத்திரம் கழுவினாள். வழக்கம்போலப் பூனைக்கு வைத்தாள். மறுநாள் காலை கோட்டு போட்டுக்கொண்டு கையில் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"டென்ஸில் வீட்டு ஜன்னல் தெரைக்கு ஓரம் தெச்சுக் குடுக்கணும்."

"எத்தன நாளாகும்?"

"எத்தன ஜன்னல்னு பாத்துட்டுச் சொல்றேன்."

உன் வீட்டில் இரண்டே ஜன்னல்தான் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருபத்திரண்டு நாள். இத்தனை நாளில் ஒரு மாதாகோயிலுக்கே திரை தைத்திருக்கலாம். தினமும் ஆறு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறேன். தினமும் நீ எடுத்து, "அக்கா குளிச்சிட்டிருக்கா ஹெட்லி" என்கிறாய். இருபத்திரண்டு நாளாக ஒருத்தி குளித்துக்கொண்டே இருந்தால் கரைந்தே போயிருப்பாள். பொய் சொல்வதானால் கொஞ்சம் மாற்றிச் சொல்லக்கூடாதா? உனக்குத்தான் அத்தனை வினைச்சொல் தெரியுமே!

போன வாரம், வாக்கியத்தை நீக்கச் சொல்லி நான் எழுதியதற்கு அகராதி அலுவலகத்திலிருந்து, உன் கையெழுத்தோடு, மைத்துனன் என்ற முறை இல்லாமல் 'அன்புள்ள ஐயா' என்று தொடங்கி, தட்டச்சில் ஒரு பதில் வந்தது. எங்கள் அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களை நாங்கள் சொந்தமாக எழுதுவதில்லை; யாராவது ஒருவர் உண்மையாகவே எங்கேயாவது எழுதியதைத்தான் எடுத்தாள்வோம்; ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் வந்து குவிகிற நூற்றுக்கணக்கான வாக்கியங்களை ஆறு ஆசிரியர்கள் படித்து, அந்தச் சொல்லின் பொருளை எது பளிச்சென்று காட்டுகிறதோ அதைத் தேர்ந்தெடுப்போம்; ஆகவே நீக்குவதற்கில்லை. அடடா! யாராவது ஒருவர் எழுதினாராம்! இந்த ஊரில் கடிதத்தில் வானிலையைத் தவிர வேறெதையும் எழுதத் தெரிந்த ஆள் உண்டா? நீதான் எழுதினாய். நீயே எழுதி, நீயே படித்து, மிச்ச ஐந்து பேரையும் தலையாட்ட வைத்தாய். நெஞ்சைத் தொட்டு இல்லை என்று சொல் பார்ப்போம்.

உன் வாக்கியத்தால் என்ன ஆயிற்று தெரியுமா? அதற்கு முன்னால் எங்களுக்குள் ஒன்றுமே இல்லை. கேக்கை அவள் மறந்துவிட்டாள். துண்டுச் சீட்டையும் மறந்திருப்பாள். நீ அதையெல்லாம் கிளறி, அச்சடித்து, அட்டை போட்டு, ஊர் மன்றத்தில் வைத்த பிறகுதான் அவள் பேச்சு குறைந்தது. எல்லாம் உன்னால் வந்தது. வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது. அலமாரியில் எல்லாம் நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது, யாரும் இடம் மாற்றி வைப்பதில்லை, எனக்கு அது பிடிக்கவில்லை. நேற்று முட்டை வேகவைத்தேன். நாலரை நிமிடம், கச்சிதம். அதை யாரிடம் காட்டுவது? பூனையும் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறது. மேவிஸ் இல்லாமல் எனக்கு முடியவில்லை, டென்ஸில், அதை உன்னிடம் எழுத வேண்டி வந்ததற்கும் சேர்த்து உன் மேல் கோபமாக இருக்கிறேன்.

ஆகவே கடைசியாகச் சொல்கிறேன். அந்த வாக்கியம் போக வேண்டும். நான் மாறவில்லை, முன்பு இருந்த அதே ஆள்தான் என்று உன் அக்காவிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நானே லண்டனுக்கு வந்து, உன் ஆறு ஆசிரியர்கள் முன்னால், மேசை மேல் ஏறி நின்று கேட்பேன்.

உன் பேனாவில் மை வற்றாமல் இருக்கட்டும், எனக்கெதிராக மட்டும் அது ஓடாமல் இருக்கட்டும். உன் இரண்டு ஜன்னல்களுக்கும் நல்ல வெளிச்சம் வரட்டும். அக்காவை நன்றாகச் சாப்பிடச் சொல். பூனை விசாரித்ததாகச் சொல்.

கோபத்தோடும், வேறு வழியில்லாத உறவோடும்,
ஹெட்லி பிண்டர்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு, கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன், காகிதம் நெளிந்திருந்தால் அதுதான் காரணம். பகல் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மேவிஸ்.

"அந்த வாக்கியத்த எடுக்கச் சொல்லி ஆபீஸுக்கு எழுதினியாமே?" என்றாள்.

"ஆமா. இன்னிக்கும் எழுதியிருக்கேன். ஆறு பக்கம். உன் தம்பி எழுதின அந்த..."

"அவன் எழுதல. நான் எழுதினேன்."

நான் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. "கண்காட்சி அன்னிக்கு அந்தக் கேக்கக் கொண்டுவந்து வச்சுட்டு, கோட்டுகூடக் கழட்டாம அவனுக்கு ஒரு லெட்டர் எழுதினேன். சிரிச்சுக்கிட்டேதான் எழுதினேன், பாதிக்கு மேல அழுகை வந்துருச்சு. அந்த லெட்டர்லேருந்து அவன் ஒரு வரி எடுத்துக்கிட்டான். என்னக் கேட்டுட்டுத்தான் எடுத்தான். நூத்துக்கணக்கான வரியோட அதையும் வரிசையா வச்சு, யார் எழுதினதுன்னு சொல்லாம, ஆறு பேரு படிச்சுப் பாத்திருக்காங்க. மத்த அஞ்சு பேரும் எம்பேரே கேள்விப்படாதவங்க. எல்லாத்துலயும் இதுதான் நல்லாருக்குன்னு எடுத்திருக்காங்க. ஹெட்லி, பதினோரு வருஷம் ரெண்டாம் பரிசு. என் ஆயுசுல நான் வாங்கின மொதப் பரிசு அதுதான். அதையும் நீ தள்ளுபடி பண்ணச் சொல்றியா?"

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு, "மேவிஸ், அன்னிக்கு அந்த மேசைல உன் கேக்குதான் எல்லாத்தையும்விட நல்லாருந்துச்சு. ஒரு வாய் வச்சதும் உன்னோடதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

"அப்ப தெரியும்."

"தெரியும். எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. ரிப்பன் வேற குத்தியிருந்துச்சு."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. "வெள்ளிக்கெழம ரெண்டே முக்கால் வண்டி. பொட்டி கனமா இருக்கும், ஸ்டேஷனுக்கு வந்துரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகவே, டென்ஸில், மேலே உள்ள ஆறு பக்கத்தையும் கிழித்துவிடு, என் அம்மா கல்லறை மேல் செய்த சத்தியத்தையும் சேர்த்து. அந்த வாக்கியம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒரு எழுத்தில்கூடக் கை வைக்காதே. நன்றாக எழுதியிருக்கிறாள்.